வெயில் பக்கம் திரும்பிய ஸ்கூட்டர்

எல்லாம் நான் சொல்லும் வரிசையில்தான் நடந்ததா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது ஹோலிக்கு முன்பா பின்பா என்பதில் பவுனுக்கும் அவள் புருஷன் இருதயராஜுக்குமே இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் கிடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பவுன் மராத்தி பேசும் நகரம் ஒன்றின் தாபோடிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. ராணுவத் தொழிற்சாலையிலிருந்து இருதயராஜ் ஓய்வு பெற்றதும் இருவரும் அதே நகரத்தின் ஹடப்சரில் ஓர் அடுக்ககத்துக்குக் குடிவந்தார்கள். வந்த கையோடு அவள் வாங்கியது ஒரு சூரிய அடுப்பு. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி மூடி, அதற்கும் மேலே வெயிலை உள்ளே தள்ளிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கறுப்புச் சாயம் பூசிய பாத்திரத்தில் அரிசியையோ பருப்பையோ போட்டு மூடிவிட்டு, அவ்வப்போது பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டால் போதும். கிளறக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது.

பவுனுக்குப் பிடித்ததே அதுதான். அடுப்பு முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். இங்கே விசில் இல்லை, பொங்கி வழிகிற வேலை இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ஒன்றுமே செய்யாமல் இருப்பாள். அப்படிச் சும்மா இருக்க அவளுக்கு அதுவரை ஓர் இடம் கிடைத்ததில்லை.

மாடியின் எதிர்மூலையில் அடுக்ககச் செயலாளர் ஸ்ரீவத்சன் வீட்டு வடாம் காயும். சென்னைக்காரர், பக்கத்து மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. குரலை உயர்த்தாத மனிதர். ஒருநாள் பவுன் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், மாடியில மீன் வாசனை வரதுன்னு கம்ப்ளெயிண்ட். இதுக்குள்ள என்ன?"

"சாப்பாடு சார். மூடி இறுக்கமா இருக்குதே, வாசன எப்பிடி வரும்?"

"பார்த்துடறேனே."

தடுப்பதற்குள் பெட்டி மூடியைத் தூக்கி, கைக்குட்டையால் பாத்திர மூடியையும் எடுத்துவிட்டார். அந்த அடுப்பைத் தெரிந்த யாரும் செய்யாத காரியம் அது. காலையிலிருந்து சேர்ந்த சூடெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி அவர் மூக்குக்கண்ணாடியை வெள்ளையாக்கியது. கூடவே கருவாட்டு மணமும் கிளம்பி வடாம் வரைக்கும் போயிற்று.

"வாசன இப்பதான் சார் வருது" என்றாள் பவுன். "நீங்க தொறந்ததுக்கு அப்புறம்."

அன்று கத்தரிக்காய் வேகவே இல்லை. மறுநாள் மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

ஸ்ரீவத்சனிடம் சாவி கேட்கப் போன இருதயராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"சைவம் மட்டும்னா சாவி தர்றாராம். உன் வாயால ஒரு வார்த்த சொல்லணுமாம். சொல்லிட்டுப் போயேன், ஜானே தோ, விட்டுத்தள்ளு. கருவாட்ட கேஸ்ல வச்சிக்கலாம்."

பவுன் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், பேசவில்லை. தொழிற்சாலையில் வேலைநிறுத்தங்களுக்குப் பயப்படாத இருதயராஜ் இந்த மௌனத்துக்குப் பயப்படுவார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

"எம் பாத்திரத்துல என்னா இருக்கணும்னு அவரு சொல்லுவாரு, நான் தலையாட்டணுமா? இன்னிக்கு மாடி. நாளைக்கு லிஃப்ட்ல மீன் பை கொண்டாராதேம்பாரு. வார்த்த தர மாட்டேன்."

"அப்ப வெயிலுக்கு எங்க போவ?"

அவள் சன்னல் வழியே கீழே பார்த்தாள். திறந்தவெளி வண்டி நிறுத்தத்தில், அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், இருதயராஜின் பழைய ஸ்கூட்டர் சைடுகாரோடு நின்றது. எஞ்சின் செத்து வெகுகாலம் ஆயிற்று. அதற்கு நேர் மேலே ஸ்ரீவத்சனின் பால்கனி.

சைடுகார் இருக்கையில் பெட்டி அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. சூரியன் நகர நகர பவுன் ஸ்கூட்டரையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் திருப்பினாள். முதல் நாள் இருதயராஜ் வெட்கப்பட்டுக்கொண்டு சன்னலுக்குப் பின்னால் நின்றார். அடுத்த நாள் இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"நீ தள்ளாத. இது இடது பக்கம் இழுக்கும். எனக்குத்தான் அதும் புத்தி தெரியும்."

அன்றைக்கே ஸ்ரீவத்சனும் இறங்கி வந்தார். பக்கத்து இடத்தில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த ஆம்பூர்க்காரி ஷபானா அப்படியே நின்றாள். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"மேடம், இங்க வண்டி மட்டும்தான் நிறுத்தலாம்."

"வண்டிதான் சார் நிக்குது. நம்பர் பிளேட்டு பாருங்க."

"நீங்க சமைக்கறேள்."

"நான் எங்க சமைக்கிறேன்? நிழல்ல உக்காந்திருக்கேன். வேல பாக்குறது வெயிலு. அதுங்கிட்ட சொல்லிப் பாருங்க."

ஷபானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வெயிலுக்கும் மெயின்டெனன்ஸ் போட்டுருங்க சார்!"

ஸ்ரீவத்சனின் காது சிவந்தது. "உள்ள என்ன இருக்கு?"

"அன்னிக்கு இருந்த அதே குழம்புதான். கத்தரிக்கா போட்டது. வாசன வருதா?"

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். சூடேறிய தாரும் பெட்ரோலும்தான் மணத்தன. கை மெல்ல மூடியை நோக்கிப் போயிற்று.

"தொறங்க சார்" என்றாள் பவுன். "ஆனா வாசன வந்தா உங்க கையாலதான் வந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

கை அந்தரத்தில் நின்றது. பவுனுக்கு மௌனம் பழக்கம், அவருக்குப் பழக்கமில்லை.

"மேல வந்து சாவியை வாங்கிக்கோங்கோ" என்றார் கடைசியில்.

"சைவமா அசைவமா சார்?"

"அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை."

"சாவி வேணாம். பூட்ட எடுத்துருங்க. எல்லாருக்கும் பொதுவான மாடி. எடுக்கிற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்."

அவர் படியேறினார். கட்டட நிழல் ஸ்கூட்டரைத் தொட வந்தது. ஷபானா தன் ஸ்கூட்டியை நகர்த்தினாள். "இங்க தள்ளுங்க பவுன்க்கா. இங்க இன்னும் வெயிலு கெடக்கு."

அன்று கத்தரிக்காய் நன்றாக வெந்திருந்தது.

அந்த வாரமே பூட்டு போயிற்று. ஸ்ரீவத்சன் இப்போது செயலாளர் இல்லை. அதே வீட்டில்தான் இருக்கிறார், லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார். அவர் வீட்டு வடாம் மாடியின் எதிர்மூலையில் இப்போதும் காய்கிறது. ஷபானா ஒரு சூரிய அடுப்பு வாங்கினாள், பொறுமையில்லாமல் திறந்து திறந்து பார்க்கிறாள். இருதயராஜுக்கு முழங்கால் அறுவை நடந்தது, வண்டி தள்ளுவதில்லை. ஸ்கூட்டர் அதே இடத்தில் நிற்கிறது. பவுன் மாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், தனக்கு வேண்டியதைச் சமைக்கிறாள்.