ஊசி தெரியும் தரை

மாமியாரின் குதிகாலில் குண்டூசி ஏறியது மாமியாருக்கே தெரியவில்லை. கூடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளைக் கண்ட மருமகள்தான் பதறிப்போய் அவரை உட்கார வைத்துக் காலைப் பிடித்துப் பார்த்தாள். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால். காலையிலிருந்து ஊசியோடேயே வளைய வந்திருக்கிறார்.

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையேடி," என்று மாமியார் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு ஊசி ஏறிப் புண்ணாச்சுன்னா, காலைக் காப்பாத்தறது கஷ்டம்மா," என்றார்.

மருமகளுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. அவள் வேலை பார்த்த தையல் கடையை மூடியபோது, யாரும் கேட்காமலே தன் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தவர் மாமியார். "தூங்கறவளுக்கு ஜன்னல் எதுக்கு? தைக்கறவளுக்குத்தான் வெளிச்சம் வேணும்," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பொழுதுக்கும் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பார். அந்த அறையே அவர் காலுக்கு எமனாகலாமா?

குற்றம் தரையில் இருந்தது. பாளம் பாளமாக வெடித்த பழைய சிமென்ட். கீழே விழுந்த ஊசி விரிசலுக்குள் ஒளிந்துகொள்ளும். சாம்பல் நிறத்தோடு நிறமாகக் கண்ணுக்கும் படாது. செருப்புப் போடலாமென்றால், மரத்த காலிலிருந்து அது கழன்று விழுவதுகூட மாமியாருக்குத் தெரியாது.

"மெஷினை வித்துடறேன் அத்தை."

"வித்துட்டு? நான் ரூமைக் கொடுத்தது நீ சும்மா உக்காந்து ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கவா?"

இந்த வழக்கு சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. அங்கே இருந்தவர் ஒரு தரைக்காரர். வீடு வீடாகப் போய் முட்டி போட்டு வினைல் தரை ஒட்டுவது அவர் பிழைப்பு. முட்டி வலியில் அவர் முனகுவதைக் கேட்டு, போன வருடம் மருமகள் அவருடைய வேலைப் பேன்ட்டில் முட்டிக்கு நேரே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். இந்த வழக்கைக் கேட்ட மறுநாளே அவர் இரண்டு வினைல் சுருள்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். ஒன்று கரும்பச்சை, ஒன்று அரக்குச் சிவப்பு.

"கடையில மிஞ்சினது. இருட்டுக் கலரை வீட்டுக்குள்ள யாரும் போட மாட்டேங்கறாங்க. முதலாளி தூக்கிட்டுப் போன்னுட்டார். மினுமினுப்பு இல்லாத இருட்டுத் தரையில குண்டூசி நட்சத்திரமா தெரியும், பாரேன்."

"உங்க கூலி, அண்ணே?"

"என் முட்டிக்கு நீ தரை போட்டே. உன் ரூமுக்கு நான் போட மாட்டேனா? ரூமுக்குக் கணக்கா நூறு துண்டு, ஒரு அடிச் சதுரமா வெட்டி வை. ரெண்டு கலரையும் மாத்தி மாத்தி ஒட்டினா கட்டம் போட்ட சேலை மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை வரேன்."

சொன்னபடியே வந்தார். விரிசல்களை முன்னதாகவே பூசி மெழுகியிருந்தார். பசை தடவி, வாசற்படியிலிருந்து கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டே போனார். அறை அழகாகிக்கொண்டே வந்தது. எதிர்ச் சுவரை நெருங்கியபோதுதான் கை நின்றது. கடைசி வரிசை தரையில் அடங்காமல் சுவரில் ஏறியது. அளவுகோலை எடுத்து ஒரு துண்டின் மேல் வைத்தார்.

"ஏம்மா, இது ஒரு அடியா?"

"ஒரு அடிதான் அண்ணே. சுத்தி தையலுக்கு அரை இஞ்ச் விட்டு..." சொல்லி முடிக்குமுன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். துணி வெட்டிப் பழகிய கை, தரைக்கும் தையலுக்கு இடம் விட்டிருந்தது!

"தரையைத் தைக்கவா போறே?" தரைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நல்லவேளை. விட்டிருந்தா காலரும் வச்சிருப்பா," என்றார் கூடத்திலிருந்து மாமியார்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. "எல்லாத்தையும் பிரிக்கணுமா அண்ணே? வீணாக்கிட்டேனே..."

"அட, சின்னதா வெட்டியிருந்தா வம்பு. பெருசா வெட்டினதுல என்ன கெட்டுப்போச்சு? ஓரத்தை மட்டும் சீவினா சரியாப் போச்சு. அங்க பாரு, உன் அரை அரை இஞ்செல்லாம் சேர்ந்து எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்குன்னு."

மூலையில் முழுத் துண்டுகள் ஒரு அடுக்கு மீந்திருந்தன. மருமகள் அவற்றைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். மாமியாரின் கட்டிலடியிலும் அதே வெடித்த சிமென்ட்தான். அறையிலிருந்து ஆடையோடு ஒட்டிப் போகும் ஊசி அங்கேயும் விழலாமே!

"அண்ணே, பசை மீதி இருக்கா?"

அவர் முட்டியில் ஸ்பாஞ்சைச் சரிசெய்துகொண்டு, கட்டிலை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். கட்டிலடியிலிருந்து அறை வாசல்வரை பாதை மாதிரி பச்சையும் சிவப்புமாகத் தரை ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஒருவருக்கென்று மனதாரக் கொடுத்த இடம் எப்படியோ வழி கண்டுபிடித்துக் கொடுத்தவரிடமே திரும்பி வந்துவிடுகிறது. கடவுளின் கணக்கில் இப்படியும் ஒரு வழக்கம் இருக்கும்போலும்.

பசை காய்ந்த பிறகு மெஷினை உள்ளே போட்டு, மருமகள் முதல் சட்டையைத் தைத்தாள். மாமியார் பாதையில் நடந்து வந்து வாசலிலேயே நின்றார். காலுக்குத்தான் உணர்வில்லை; கண் கழுகுக் கண்.

"அந்தா, மெஷின் காலுக்குப் பக்கத்துல. சிவப்புக் கட்டத்துல ஒண்ணு மின்னுது பாரு."

மருமகள் குனிந்து அந்தக் குண்டூசியை எடுத்தாள். எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு கணம் அப்படியே, வாசலில் நின்ற அத்தையின் கால்களைப் பார்த்தாள்.

"என்னடி, இன்னொண்ணு இருக்கா?"

"இல்ல அத்தை. ஒண்ணுமே இல்ல. வாங்க."

மாமியார் தயங்காமல் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "பொத்தான் தைக்க வேண்டியதெல்லாம் எங்கே?" என்று கையை நீட்டினார்.