கார்னெட் வீட்டு மரத்துச் சீமைப்பலா

"இது ஜமைக்காக்காரன் காய்."

"இல்ல."

"வெர்லின், இது ஜமைக்காக்காரன் காய்னு நான் சொல்றேன்."

"இல்லன்னு நானும்தான் சொல்றேன். காது போச்சா, இல்ல நாக்குதான் போச்சா?"

மூன்றாவது மாடியில் கதவு விரியத் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடமே சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம். படியில் இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிடத்தில்தான் ஷூ கயிறு அவிழ்ந்தது. கயிறே இல்லாத ஷூ போட்டிருந்தவர்களும் குனிந்துகொண்டார்கள்.

வாசலில் கார்னெட் டெல்பெஷ் சர்ச் கோட்டும் வீட்டுச் செருப்புமாக நின்றிருந்தார். அறுபத்தேழு வயது, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சுட்டுக் கரியான சீமைப்பலாவில் பாதியை உள்ளங்கையில் வைத்து, கோர்ட்டில் சாட்சிப்பொருள் காட்டுவதுபோல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினார். தோல் கறுப்பு. உள்ளே வெண்ணெய் போல மஞ்சள்.

"எங்க வீட்டு மரத்துக் காய் உள்ள வெள்ளை. எங்கப்பா நட்டதுலேருந்து வெள்ளை. இது என்ன கலரு, நீயே சொல்லு."

"மரத்துக்கு வயசாயிருச்சு கார்னெட். வயசானா கொஞ்சம் மஞ்சளடிக்கும்."

"எனக்குந்தான் வயசாச்சு. நான் மஞ்சளாவா இருக்கேன்?"

"கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு?"

இரண்டாவது மாடி ஐயந்தி மூச்சிரைக்க மேலே வந்தாள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டான்ட்டி. அத்தை முறை, யாருக்கும் சொந்த அத்தை இல்லை. சண்டை நடக்கும் இடத்தில் அவள் இல்லாவிட்டால் அது சண்டையாகவே கணக்கில் வராது. கார்னெட் கையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்து மென்றாள்.

"ஜமைக்காதான்," என்றாள். இன்னொரு துண்டு பிய்த்தாள். "மோசமில்ல."

"டான்ட்டி, நீங்க யார் பக்கம்?" என்றாள் வெர்லின்.

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்மா."

வெர்லின் தன் தொப்பியைச் சரி செய்துகொண்டு படியிறங்கிவிட்டாள். அன்று சர்ச்சில் அவள் பாடிய பாட்டு ஒன்றும் வெளியில் கேட்கவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

வெர்லின் குவோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபத்தொரு வயது, செயின்ட் வின்சென்ட் தீவில் லேயூ என்ற ஊர்க்காரி. ப்ரூக்ளினுக்கு வந்து முப்பது வருடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பணக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அவர்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்கும் வேலை. வருடா வருடம் கார்னிவல் திருவிழாவுக்கு ஊருக்குப் போவாள். போகும்போது கட்டடத்தின் பாதி சாமான் அவள் பெட்டியில் போகும். வரும்போது ஊரின் பாதி அதே பெட்டியில் வரும். இருபது வருடமாக ஒரு மிளகாய்ச்சாறு பாட்டில்கூட அவள் கையில் உடைந்ததில்லை. தன் துணிமணியைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூவைக்கிழங்கு மாவுக்கு இடம் பண்ணுகிறவள்.

சீமைப்பலாவுக்கு மட்டும் எங்கள் ஆட்களிடம் தனி முறை உண்டு. பச்சையாகக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள். ஆகவே ஊரிலேயே விறகில் முழுசாகச் சுட்டு, கறுத்த தோலோடு காகிதம் சுற்றி எடுத்துவர வேண்டும். கொண்டுவருகிறவர் தோல் சீவவே கூடாது. யாருக்குக் கொண்டுவந்ததோ அவர்தான் சீவவேண்டும். சீவிய காய் யார் வீட்டு மரத்துக் காயாகவும் இருக்கலாமே.

இந்த முறைதான் வெர்லினைக் கவிழ்த்தது.

ஜூலையில் அவள் கார்னெட்டின் ஊரான ட்ரூமாக்காவுக்கு, மலையேறும் வேனில் பிதுங்கிக்கொண்டு போனாள். கார்னெட்டின் தம்பி எல்ஃபர்ட் வாசலில் நின்று வரவேற்றான். மரம் வரவேற்கவில்லை. மரம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை, அதன் மேல் பளபளவென்று எல்ஃபர்டின் புது வேன். போன வருடம் ஒரு காய் முற்றி விழுந்து வேனின் முன்கண்ணாடி உடைந்திருக்கிறது. எல்ஃபர்ட் மரத்தைப் பார்த்தானாம், வேனைப் பார்த்தானாம். வேன் தவணையில் வாங்கியது.

"அண்ணங்கிட்ட சொல்லிராதீங்க," என்றான். "கேட்டா அடுத்த பிளேன்ல வந்து நிப்பாரு."

வெர்லினுக்கு வந்த கோபத்தில் அவன் கொடுத்த இளநீரைக்கூடத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் மரத்துக் காயைச் சுட்டுத் தருகிறேன் என்றாள். அதையும் வேண்டாமென்றாள். கார்னெட்டிடம் பொய்க்காயை நீட்டுவதில்லை, நேரே பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து விமானம் ஏறினாள். ஐந்து மணி நேரப் பயணத்தில் அதற்கான வாக்கியத்தை ஏழெட்டு விதமாகச் செய்துபார்த்தாள்.

ஆனால் அவள் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது கார்னெட் கட்டட வாசலிலேயே நின்றிருந்தார். தலை சீவி, சட்டை இஸ்திரி போட்டு.

"பாரை மீன் வாங்கி மசாலா தடவி வச்சிருக்கேன்," என்றார். "சுட்ட சீமைப்பலா பக்கத்துல மீன் இருந்தாத்தான் ருசி. ஒரு வருஷமாச்சு வெர்லின்."

"பெட்டி அடியில இருக்கு," என்றது வெர்லினின் வாய். "நாளைக்குக் காலையில பிரிச்சுத் தர்றேன்."

மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் அவள் மூலைக்கடைக்குப் போய் இருப்பதிலேயே உருண்டையான சீமைப்பலாவாகப் பார்த்து வாங்கினாள். கடை டேக்கர்ஸ் என்ற ஜமைக்காக்காரருடையது. அந்தத் தீவில் மஞ்சள் உள்ளிருக்கும் ஜாதிக்குத்தான் மவுசு. அது வெர்லினுக்குத் தெரியாததல்ல. ஆனால் வெளியே பார்க்க எல்லாக் காயும் ஒன்றுதான், வெட்டிப் பார்க்கவோ முறை இல்லை. கேஸ் அடுப்பின் மேல் வைத்து ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட்டாள். புகை எச்சரிக்கை மணி இரண்டு தடவை அலறியது. டான்ட்டி தலையில் சுருள் மாட்டியபடி தாழ்வாரத்தில் வந்து நின்று, "என்னம்மா, வீடா எரியுது?" என்று கேட்டாள். "ரொட்டி," என்றாள் வெர்லின். டான்ட்டி அதை அப்படியே மனதில் எழுதி வைத்துக்கொண்டாள்.

காய்ச்சண்டை நடந்த அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் சந்தேகம் பரவிவிட்டது. ஆளாளுக்கு அலமாரியைத் திறந்து வெர்லின் கொண்டுவந்ததையெல்லாம் முகர்ந்து பார்த்தார்கள். டான்ட்டி கூவைக்கிழங்கு மாவைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் மிளகாய்ச்சாறு பாட்டிலைக் கொண்டுவந்து, "இது நெஜமா எங்க அக்கா செஞ்சதுதானா?" என்று கேட்டார்.

"குடிச்சுப் பாருங்க," என்றாள் வெர்லின். "அழுதீங்கன்னா உங்க அக்கா."

இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. பெரிது வேறு.

ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு கார்னெட்டுக்கு வெர்லின் வீட்டில்தான். மனைவி கனடா போய் வேறொருவரைக் கட்டிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அவர் வாயிலிருந்து கல்யாணம் என்ற சொல் வருமென்று கட்டடமே ஒன்பது வருடமாகக் காத்திருந்து அலுத்துவிட்டது. கேட்டால் ஒரே பதில்: "ஊருக்குப் போகப்போறவன். இங்க என்ன கல்யாணம்?" அவர் வீட்டு முன்னறையில் ஒரு நீலப் பீப்பாய், ஊருக்குக் கப்பலில் அனுப்ப. அதில் சோப்பு, அரிசி, பெயிண்ட், ஆணி என்று நிரப்புவார். வீட்டில் சோப்பு தீர்ந்தால் அதிலிருந்தே எடுப்பார். இங்கே எதற்கும் ருசியில்லை என்பது அவருடைய தினசரி ஜெபம். மாம்பழம் நனைந்த அட்டை. தேங்காய் மரக்கட்டை. மீனுக்கு ஐஸிலேயே பிறந்து வளர்ந்த முகம். இதையெல்லாம் வெர்லின் சமைத்ததை இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

ஊர் என்றால் அவருக்கு அந்த மரம்தான். மரம் இல்லையென்று தெரிந்தால் போகமாட்டார். போகாவிட்டால் இங்கேதான் இருப்பார். இருந்தால், சரி, மற்றதை வெர்லின் மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. அதனாலேயே வாய் வரவில்லை. அந்தச் செய்தியை எப்படிச் சொன்னாலும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்துவிடுமோ என்று பயம்.

புதன்கிழமை கார்னெட் படிக்கட்டில் நின்று அறிவித்தார்.

"டிக்கெட் போட்டாச்சு. மாசக் கடைசி. திரும்புற டிக்கெட் கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரன்கிட்ட காலி பண்ற கடுதாசியக் குடுக்குறதா சொல்லியாச்சு. இனிமே யாரையும் நம்பி ஒரு காய்க்கு நான் காத்திருக்க வேண்டியதில்ல. என் மரத்தடியில போய் உக்காந்து நானே பறிச்சு நானே சுட்டுத் திங்கறேன்."

"யார் ஏறிப் பறிப்பா?" என்றாள் டான்ட்டி. "ரெண்டு மாடி ஏறவே உனக்கு நடுவுல நாற்காலி வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. வெர்லின் அங்கே இல்லை, ஆனால் அவள் கதவு அரை அங்குலம் திறந்திருந்தது.

வியாழன் சாயங்காலம், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் கார்னெட் வீட்டுக்குப் போனாள். அவர் நீலப் பீப்பாயின் மூடிக்கு இரும்பு வளையம் மாட்டப் போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன, மன்னிப்பா?" என்றார் நிமிராமல்.

"அந்தக் காய் டேக்கர்ஸ் கடையில வாங்கினதுதான்."

"எனக்குத் தெரியும்."

"ட்ரூமாக்காவுக்குப் போனேன். மரம் இல்ல கார்னெட்."

வளையம் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு, சுவரில் முட்டிச் சாய்ந்தது.

"இல்லன்னா?"

"எல்ஃபர்ட் வெட்டிட்டான். வேன் நிறுத்த சிமெண்டு போட்டிருக்கான். அடிமரங்கூட இல்ல."

கார்னெட் பீப்பாய் மேலேயே உட்கார்ந்தார். "என்னப் போகவிடாம பண்ண இதுவும் ஒரு கதையா?" என்றார்.

அவள் பயந்த கேள்வி இதுதான். கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்து, ஜூலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். சிமெண்டு, வேன், வேனின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எல்ஃபர்ட். கார்னெட் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், தரையைத்தான், தம்பியை அல்ல. பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போயிட்டு வா வெர்லின்," என்றார்.

அன்று அவர் எல்ஃபர்டை ஃபோனில் கூப்பிட்டது சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஐந்து நிமிடம். கார்னெட் தரப்பில் பேசிய வார்த்தை ஒன்றுதான்: "எல்ஃபர்ட்." அதை மூன்று முறை சொன்னார், மூன்றும் வேறு வேறு குரலில். பிறகு குழாயில் தண்ணீர் விடும் சத்தம்.

வெள்ளிக்கிழமை அவர் கடுதாசியைக் கொடுக்கவில்லை. டிக்கெட்டை ரத்து பண்ணவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேறு வரிசையில் உட்கார்ந்தார். அன்று மதியம் வெர்லின் வழக்கம்போல் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி வெளியே வைத்தாள். அவர் வரவில்லை. டான்ட்டி வந்தாள், வாசனை பிடித்து.

செவ்வாய்க்கிழமை அடித்தளத்துச் சலவை அறையில் வெர்லின் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கார்னெட் இறங்கி வந்தார். கையில் துவைக்க ஒரே ஒரு கைக்குட்டை.

"ஜூலையிலேயே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"அன்னிக்கு டாக்ஸியிலேருந்து இறங்கினதும் சொல்லியிருந்தா நான் டிக்கெட்டே போட்டிருக்க மாட்டேன்."

"ம்."

"வேற ஒருத்தியா இருந்தா ஊர்லேருந்தே ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பா. பாட்டாவே பாடியிருப்பா."

வெர்லின் ஒரு போர்வையின் மூலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத விட்டுட்டு, திருட்டுத்தனமா ஒரு காய வாங்கி, மணியெல்லாம் அடிக்க வச்சு, கட்டடத்துக்கே பொய்க்காரியாகி..." அவர் நிறுத்தினார். "உனக்கு என்ன லாபம் இதுல?"

"ஒண்ணுமில்ல. நீ மீனுக்கு மசாலா தடவி வச்சிருந்த."

கார்னெட் கைக்குட்டையை இயந்திரத்தில் போட்டு மூடினார். காசு போட மறந்துவிட்டார். இயந்திரம் சும்மா நின்றது, அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அறுபத்தேழு," என்றார். "இனிமே நட்டாலும் காய்க்க நாலஞ்சு வருஷம். எல்ஃபர்ட் வேற பக்கத்துலயே இருப்பான்." இயந்திரத்தின் மூடியைத் தட்டிவிட்டு, "அந்த டேக்கர்ஸ் காய் அவ்ளோ மோசமில்ல. அத யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

"போர்வையோட அந்த முனையப் பிடி," என்றாள் வெர்லின்.

பிடித்தார். இருவரும் மடித்தார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சலவை அறையில் மூன்று இயந்திரங்களுக்குப் பின்னால் டான்ட்டி தன் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணம். வெர்லின் வெளிர்நீலம், கார்னெட் அதே சர்ச் கோட்டு, ஆனால் இம்முறை ஷூ. ஏப்ரலில் பென்சில்வேனியாவில் வெர்லினின் அக்கா மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். மலைப்பக்கம், பக்கத்துக் கடைக்கே காரில் இருபது நிமிடம். அங்கேயும் எதற்கும் ருசியில்லை என்று கார்னெட் சொல்வதாகக் கேள்வி. எல்ஃபர்ட் கல்யாண வாழ்த்து அட்டை அனுப்பினான். பிரிக்காமல் திருப்பி அனுப்பப்பட்டது. டான்ட்டி மகளோடு ஜார்ஜியா போய்விட்டாள், அங்கே அக்கம்பக்கத்தில் யாரும் சத்தமே போடுவதில்லை என்று வாரம் ஒருமுறை ஃபோனில் அழுகிறாள். கார்னெட்டின் வீட்டுக்கு கிரெனடாவிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்திருக்கிறது. கல்யாணம் ஆனவர்களா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. தபால் பெட்டியில் இரண்டு பெயர் ஒட்டியிருக்கிறார்கள்.