மூன்று பத்திலிருந்து மூன்று பதினான்கு வரை

மாநாட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தீர்மானம் வருகிறதென்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட வயிறு, பாதி மூடிய கண். யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? தலைவர் பதவிக்கு வயது வரம்பு கூடாது என்ற தீர்மானமும் அந்த நேரத்தில்தான் வந்தது. தலைவருக்கு அடுத்த மாதம் அந்த வரம்பு வயது முடிகிறது.

மேடையோர மேசையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. கட்சிக்காரர்களுக்குக் குறிப்பக்கா. அப்பா போனபிறகு அவளைப் படிக்கவைத்து, சுருக்கெழுத்து கற்கவைத்து ஆளாக்கியவர் அண்ணன்தான். பதினெட்டு மாநாட்டில் ஒரு வரி தப்பவிட்டதில்லை. அன்றைக்குத் தப்பியது. மூன்று பத்து என்று நேரம் குறித்தவள், பாவம், அப்படியே தூங்கிப்போனாள்.

என்ன தூக்கம் அது! மண்டபம் மெல்லத் தண்ணீராகி நாற்காலிகள் மிதந்தன. கழுத்து அட்டைகள் கழன்று மீனாக நீந்திப்போயின. அந்தத் தண்ணீர்மேல் அண்ணன் சைக்கிளில் வந்து, "ஏறிக்கோம்மா, நேரமாச்சு" என்றார். பின்னால் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ 'ஆம், ஆம்' என்று அலையடித்தது. இறங்கவே மனசில்லை அவளுக்கு.

மணிச்சத்தத்தில் விழித்தபோது சுவர்க்கடிகாரத்தில் மூன்று பதினான்கு. "தீர்மானம் நிறைவேறியது" என்று தலைவர் சொல்லி முடித்திருந்தார்.

"அதெப்படிங்க நிறைவேறும்?" என்று எழுந்தார் சட்டப்புத்தகம். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். கட்சி விதியெல்லாம் மனப்பாடம் என்பதால் அந்தப் பட்டப்பெயர். "கைய எண்ணல, சீட்டும் குடுக்கல. வாயால கத்துனத வச்சு முடிவா? எந்தப் பக்கம் சத்தம் அதிகம்னு யாரு சொல்றது?"

"தலைவர்தான் சொல்லிட்டாரே!" என்றது முன்வரிசை.

"அவர் விஷயத்துக்கு அவரே தீர்ப்பா? நல்லா இருக்கு கதை! சந்தேகம் வந்தா குறிப்புல இருக்கறதுதான் முடிவு, விதி அப்படித்தான் சொல்லுது. படிக்கச் சொல்லுங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. தலைவர் குனிந்து, "நிறைவேறுச்சுன்னு படிச்சிடும்மா, போதும்" என்று கிசுகிசுத்தார்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அண்ணன் நாற்காலி அண்ணனுக்கே. 'ஆம்' என்றுதானே காதில் விழுந்தது? ஆனால் கனவில் கேட்டதைக் குறிப்பில் ஏற்ற எந்த விதியில் இடமிருக்கிறது? அண்ணன்மேல் அவளுக்கு உயிர். எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"மூணு பத்துலேர்ந்து மூணு பதினாலு வரைக்கும் குறிப்பு இல்லீங்க. நான் தூங்கிட்டேன்."

"நீங்க மட்டுமா அக்கா?" என்றது பின்வரிசை. மண்டபமே கொல்லென்று சிரித்தது.

குறிப்பு இல்லையென்றால் கையெண்ணத்தானே வேண்டும்? நான்கு பேர் வரிசை வரிசையாக எண்ணினார்கள். ஆதரவு நூற்று நாற்பது, எதிர்ப்பு இருநூற்று ஆறு. அதையும் அவளே எழுதினாள்.

சாயங்காலம் காலி மண்டபத்தில் வெயில் மஞ்சளாய்ச் சாய்ந்து கிடந்தது. குறிப்பில் தலைவர் கையெழுத்து வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"தூங்குன வரிய எடுத்துடலாம்மா. நாளைக்கு நாலு பேர் படிச்சு உன்னச் சிரிப்பாங்க."

"இருக்கட்டும்ணா. நடந்ததுதானே. என்மேல கோவமா?"

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"எனக்கு 'இல்ல'தான் பெருசா கேட்டுச்சு" என்றார். "தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். அதையும் எழுது."

"அண்ணா, வேண்டாம்ணா…"

"எழுதும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். அந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.