எண்பது சாத்துக்குடி

தூக்குச் சட்டியைச் சாக்குத் துணியில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு, ராஜம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. முதலாளி பங்களாவிலிருந்து அவள் வீட்டுக்கு எட்டு நிமிஷ நடை. அதற்குள் தூக்கில் இருக்கும் ஜூஸ் கட்டிகள் கரைந்துவிடக் கூடாதே என்பதுதான் இருபது நாளாக அவளுடைய பெரிய கவலை. எப்படியும் கரைத்துத்தானே கொடுக்கப்போகிறாய், வழியில் கரைந்தால் என்ன என்று யார் கேட்டாலும் காதில் வாங்க மாட்டாள். வீட்டுக்குப் போய், அவர் கண்ணெதிரே, கிண்ணத்தில் கரைய வேண்டும். அவ்வளவுதான்.

அவர் என்றால் நந்தகோபால், அவள் புருஷன். ஆம்பூரில் அந்த முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். கண்ணுக்குத் தெரியாத கத்திக் கீறலும் பூச்சி அரித்த புள்ளியும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். ஃபஸ்ட்டு, செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று நாலு அடுக்காகப் போடுவார். அந்தப் புத்தியை ஷாப்பு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ராஜம்மாள் பிழைத்திருப்பாள். வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

"கொழம்பு செகண்ட். புளி ஜாஸ்தி."

"இன்னிக்கு ரசம் ரிஜெக்ட்."

கல்யாணமான புதிதில் அழுதாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு, "ஆமா, ரிஜெக்ட்டுதான், அப்டியே சாப்புடுங்க" என்று தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றப் பழகிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து ஃபஸ்ட்டு வரவில்லை. குழந்தை இல்லாத வீடு. பேசுவதற்கும் வேறு விஷயம் அதிகம் கிடையாது.

தை மாதத்தில் அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்று, வீட்டில் வைத்துக் கஞ்சியும் ஜூஸும் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ராஜம்மாள் படவேட்டம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடக்கிற வரைக்கும் ஒரு பழம், ஒரு சொட்டுப் பழச்சாறு என் நாக்கில் படாது தாயே.

அதற்கு மறுவாரம் லாரி ஓட்டுகிற கன்னியப்பன் கோடூர்ப் பக்கம் லோடு ஏற்றிப்போய், திரும்பும்போது ஒரு கூடை சாத்துக்குடி கொண்டுவந்து இறக்கினான். எண்பது பழம். நந்தகோபாலின் சின்ன வயசு தோஸ்த் அவன்.

"தோட்டத்துலியே அறுத்தது தங்கச்சி. அடுத்த மாசந்தான் மறுபடியும் அந்தப் பக்கம் போவேன். அதுவரிக்கும் வெச்சிக் குடு."

அந்த வெயிலில் பழம் ஐந்து நாள் தாங்காது. ராஜம்மாள் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சேதி முதலாளி வீட்டுக்குப் போயிற்று. முதலாளி சம்சாரம் ரஃபத் ஜஹான் ஆளனுப்பி அழைத்தாள். அந்த வட்டாரத்திலேயே ஐஸ் பெட்டி இருந்த ஒரே வீடு அது.

"மொத்தத்தையும் இன்னிக்கே புழிஞ்சி எடுத்துட்டு வா ராஜம்மா. ஐஸ் ட்ரேல ஊத்தி வெச்சா கல்லாய்டும், கெட்டுப்போவாது. தெனம் காலைல வந்து அன்னன்னிக்கு வேணுங்கறதை எடுத்துக்கோ."

"ஒங்க வீட்டுக்கு ஐஸுக்கு இன்னா பண்ணுவீங்க பீபிம்மா?"

"பானைத் தண்ணி குடிச்சா செத்தா பூடுவோம்? இது அமானத். நீ நம்பிக் குடுத்த பொருள். எங்க வீட்ல ஒருத்தர் கை வெக்க மாட்டாங்க."

பகல் முழுக்க ராஜம்மாள் பிழிந்தாள். தோலை உரித்து, சுளையை வெள்ளை நாரோடும் கொட்டையோடும் உரலில் போட்டு நசுக்கி, வேட்டித் துணியில் கட்டி முறுக்கினாள். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. சக்கையை மறுபடியும் நசுக்கி மறுபடியும் முறுக்கினாள். எண்பதாவது பழத்துக்கு வரும்போது தோலெண்ணெய் பட்டு இரண்டு கையும் வெந்துபோய், விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கன்னியப்பன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, "தேனாட்டம் கீது" என்றான். நந்தகோபாலுக்கு அரை டம்ளர் கொடுத்தாள். மெதுவாக விழுங்கினார்.

"தேவலாம். செகண்ட்" என்றார்.

சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுஷனுக்குத் திமிர் குறையவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் போய் நின்று அழுதாள். பிறகு மிச்சச் சாற்றைத் தூக்கிலும் பித்தளைச் சொம்பிலுமாக முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள்தான் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துவந்த முதல் கட்டிகளைக் கரைத்துக் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் வாயில் போனதும் அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஸ்பூனைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். வெடித்த விரல்களில் மஞ்சள் அப்பியிருந்தது. பிறகு விழுங்கினார்.

"ஃபஸ்ட்டு" என்றார்.

ராஜம்மாளுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "இன்னா சொன்னீங்க?"

"ஃபஸ்ட்டுன்னேன். இன்னும் ரெண்டு ஸ்பூன் குடு."

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. எதிர் வீடு, பக்கத்து வீடு, குழாயடி என்று ஒரு இடம் விடாமல் சொன்னாள். பார்த்துக்கொள்ளக் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் சந்திராவிடம் தினம் இரண்டு தடவை சொன்னாள். இருபது நாளும் அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். இருபது நாளும் ஃபஸ்ட்டு.

இன்று அவள் தூக்கோடு உள்ளே நுழைந்தபோது சந்திரா கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே வந்தாள்.

"ரெண்டு வாய்தான் எறங்கிச்சி அண்ணி. அதுலயும், உப்பு கம்மி, தேர்ட்டுன்னுது எங்க அண்ணன். பேசவே முடியல, நாக்கு மட்டும் அதுக்கு அடங்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சந்திரா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ராஜம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டாள். அது கரையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மேலுக்கு இழுத்தது. மூன்று ஸ்பூன் கொடுத்தாள். மூன்றாவது கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று அவளுக்கா தெரியாது?

உச்சி வேளைக்கு உயிர் போயிற்று.

சேதி கேட்டு ஷாப்பை மூடிவிட்டார்கள். தோல் நனைக்கிறவர்கள், தோலைச் சீவி மட்டமாக்குகிறவர்கள் என்று எல்லோரும் வேலைத் துணியோடே வந்து நின்றார்கள். முதலாளி வந்து மாலை போட்டார். நந்தகோபாலின் தம்பி நாலு மணி ரயிலில் வந்து சேர்ந்ததும் எடுப்பதற்கு ஏற்பாடாயிற்று. கன்னியப்பன் பாடையைக் கட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"இவன மாரி ஒருத்தன் இனிமே எங்க? மெட்ராஸுக்குச் சரக்கு போற அவசரம். பன்னெண்டு செகண்ட் தோல ஃபஸ்ட்டுல சேத்துக் கட்டுப்பான்னு மொதலாளியே கேக்கறாரு. மாட்டேன்ட்டான். வேணும்னா வேற ஆள வெச்சிக் கட்டிக்கோங்க, என் வாயால பொய் வராதுன்னான். வேலயே போனாலும் பரவால்லன்னு சட்டைய மாட்டிக்கிணு கெளம்பிட்டான்."

முதலாளி தலையைக் குனிந்தபடியே ஆமாம் என்பதுபோல அசைத்தார்.

தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜம்மாள் தெருமுனை வரை ஓடி, பெண்கள் பிடித்து நிறுத்த, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மேளச் சத்தம் பாலாற்றுப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு வீட்டைக் கழுவினார்கள். அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் கட்டில் கிடந்த இடம் ஈரமாக, பெரிதாக இருந்தது.  கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரஃபத் ஜஹான் வந்தாள். கையில் ராஜம்மாள் வீட்டுப் பித்தளைச் சொம்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெடிப்பெல்லாம் ஆறி, தோல் உரிந்து கொண்டிருந்தது.

"ரெண்டு நாளைக்கு மீதி இருந்தது ராஜம்மா. அமானத்த நான் வெச்சிக்கக் கூடாது. கரைச்சி எடுத்தாந்தேன். காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலியாமே நீ. ஒரு வாய் குடி."

ராஜம்மாள் தலையை ஆட்டினாள். "வேண்டுதல் கீது பீபிம்மா. பழம் தொடக்கூடாது."

 சந்திராதான் வாயைத் திறந்தாள்.

"இனிமே இன்னா வேண்டுதல் அண்ணி."

சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி அவள் கையில் வைத்தாள். ராஜம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசியபோது குரல் கரகரவென்று வந்தது.

"நான் அவருக்கு ஒண்ணும் நல்லா செஞ்சிப் போடல பீபிம்மா. ஒரு நாளும் அவரு நாக்குக்கு என் கை ஒத்து வரல. இது ஒண்ணுதான். இது ஒண்ணாவது ஃபஸ்ட்டா குடுத்து அனுப்பிட்டேன். அது போதும் எனக்கு."

"போதும்மா. அல்லா பார்த்துக்கிட்டிருந்தான். குடி."

ஒரு மடக்குக் குடித்தாள்.

கசந்தது. வேப்பங்கொழுந்தை மென்றதுபோல நுனிநாக்கில் தொடங்கி அடித்தொண்டை வரை கசந்தது. டம்ளருக்குள் பார்த்தாள். அதே மஞ்சள் நிறம்தான். நாள் முழுக்க அழுத வாய், அதுதான் இப்படி என்று நினைத்து இன்னொரு மடக்குக் குடித்தாள். இன்னும் கசந்தது. நசுக்கிய கொட்டையும் வெள்ளை நாரும் நினைவுக்கு வந்தன; பிழிந்த அன்று தேனாக இருந்த சாறு ஒரே ராத்திரியில் அவற்றால் கசந்திருக்கிறது. காலையில் உப்புக் கம்மி என்று கண்டுபிடித்த நாக்கு நினைவுக்கு வந்தது. முதல் நாள் அந்த ஒரு ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல், அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

இருபது நாள்.

"இன்னா அண்ணி, புளிச்சிப் போச்சா?" என்று சந்திரா கையை நீட்டினாள். "குடு, நான் ஒரு வாய் பாக்கறேன்."

ராஜம்மாள் டம்ளரை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"ராஜம்மா, நல்லா இல்லியா?" ரஃபத் ஜஹான் பயந்துபோய்க் கேட்டாள்.

ராஜம்மாள் டம்ளரைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஃபஸ்ட்டு பீபிம்மா" என்று சொல்லிவிட்டு, சொம்பில் இருந்த மிச்சத்தையும் ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினாள்.