கொடுவா வயிற்றுக்குள் ஒரு ஸ்கூட்டி

“வயிறு வெட்டுறவனுக்கு, சேர். இது இந்தச் சந்தையிட சட்டம்.”

“எந்தப் பாராளுமன்றத்தில நிறைவேத்தின சட்டம், ஜவாஹிர்? மீன் என்ர. அப்ப மீனுக்குள்ள இருக்கிறதும் என்ரதானே?”

திருகோணமலைச் சந்தையில் ஜவாஹிர் இருபது வருடமாக மீன் வெட்டுகிறார். ஓய்வுபெற்ற அரசாங்கக் கந்தோர்க்காரர் சிவகுருநாதன் சேர் இருபது வருடமாக அவரிடம்தான் வெட்டுவிக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இன்று பலகையில் கிடந்தது எட்டுக் கிலோக் கொடுவா.

அங்கே வெட்டுக்கூலி சொற்பம். அதனால் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெட்டுகிறவருக்கு என்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் ஜவாஹிர் அதைப் பூனைகளுக்கு எறிவார். இப்போது கொடுவாவின் காற்றுப்பையை மட்டும் கழுவியெடுத்து, கிண்ணியாவில் தன் வீட்டுக் கூரையில் காயப்போடுகிறார். காய்ந்ததை முனாப் என்ற வியாபாரி வாங்கிச் சீனாவுக்கு அனுப்புவார். அங்கே புதிதாகக் காசு கண்ட சனம் கலியாண விருந்தில் அதைச் சூப் வைத்துக் குடிக்குமாம்.

சேர் அதை யூடியூப்பில் பார்த்துவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

“‘அந்த நாத்தத்த அங்கால எறியும்’ எண்டு இருபது வருசம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டது ஆரு சேர்?”

“அது அப்ப. அப்ப சீனாக்காரனிட்டக் காசில்லை.”

“எனக்கு இன்னும் ஒரேயொரு பைதான் வேணும் சேர். பெருநாளைக்கு முன்னம் பற்றரி ஸ்கூட்டி எடுத்துத் தாறன் எண்டு ஸல்ஹாவுக்கு வாக்குக் குடுத்திட்டன். அவ கப்பல்துறையில பாலர் பள்ளிக்குப் படிப்பிக்கப் போறவ. சீனன்குடாச் சந்தியில பஸ் மாறணும். பிள்ளையள் வந்து பாட்டும் படிச்சு முடிக்குதுகள், டீச்சரைக் காணேல்ல.”

“உம்மட மனுசி நேரத்துக்குப் போக என்ர மீனோ?”

“அப்ப நீங்களே வெட்டுங்க சேர்.”

பக்கத்துப் பலகைக்காரரிடம் திரும்பினார் சேர். அவரும் கத்தியைக் கீழே வைத்தார். அடுத்தவரும் வைத்தார். வரிசை முழுக்கக் கத்திகள் படுத்துக்கொண்டன. சேர் கொடுவாவைப் பிள்ளைபோலத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக அன்புவழிபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஒரு மணித்தியாலத்தில் ஜவாஹிரின் போன் அடித்தது. சேரின் மனைவி பாக்கியரத்தினம்.

“தம்பி, கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ! இந்த மனுசன் குசினிக்குள்ள மீனோட மல்லுக்கட்டுறார். அலுமாரியில செதில், சாமிப்படத்தில செதில், என்ர கண்ணாடியில செதில்!”

“பையில குத்திப்போட்டாரா அக்கா?”

“பையோ? அவர் இன்னும் வயித்தையே கண்டுபிடிக்கேல்லை!”

ஜவாஹிர் போனார். ஒரே கீறல். வெள்ளைப் பலூன்போலப் பை முழுசாக வெளியே வந்தது. மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர் கையை நீட்டப்போன அந்த நேரம் பார்த்துப் போன் திரும்பவும் அடித்தது. இந்த முறை முனாப்.

“ஜவாஹிர், விலை அரைவாசியா விழுந்திட்டு. அங்க வீட்டு விலை இறங்கிச் சனம் கையை இறுக்குதாம். கலியாணத்தில சூப்பை வெட்டிட்டாங்க.”

ஜவாஹிர் அப்படியே குசினித் தரையில் குந்திவிட்டார்.

“இந்த மாசமெல்லாம் காயவச்சது ஒண்டுகூட விக்கேல்ல சேர். எல்லாத்தையும் சேத்துக் குடுப்பமெண்டு வச்சிருந்தனான். சீனாவில ஆரோ வீடு வாங்கேல்லயாம். அதுக்கு என்ட ஸல்ஹா பஸ்ஸில போகணுமாம்!”

சேர் பையைப் பார்த்தார், ஜவாஹிரைப் பார்த்தார், தன் சட்டையில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார்.

“இந்தாரும், பையைப் பிடியும். வயிறு வெட்டுறவனுக்கு.”

“விலை விழுந்த பிறகுதான் உங்களுக்குச் சட்டம் விளங்கினதோ?” என்றார் பாக்கியரத்தினம்.

“ஸ்கூட்டிக் கடைக்கும் நானே வாறன். கடைக்காரனோட விலை கதைக்க ஒரு கந்தோர்க்காரன் வேணும்.”

கடைக்கார ஸெய்னுதீன் இருவரையும் கண்டதும் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். சேர் தொண்டையைச் செருமி, “தம்பி, நிலைமை என்னெண்டா...” என்று தொடங்குவதற்குள் அவரே கொட்டினார்.

“நல்ல நேரத்தில வந்தீங்க! சீனாவில ஃபக்டரிக்காரனுகள் கண்மண் தெரியாமச் செஞ்சு குவிச்சிட்டானுகள். அந்த ஊரில வாங்க ஆளில்ல. கப்பல் கப்பலா இங்க தள்ளுறானுகள். நடக்கவும் இடமில்ல, பாருங்க. அரை விலை! ஹெல்மெட் சும்மா!”

ஜவாஹிர் விரலை மடக்கிப் பார்த்தார். திரும்பவும் மடக்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை.

“சேர், பையும் அரைவாசி, ஸ்கூட்டியும் அரைவாசி! அப்பவும் ஒரு பைதான் குறைஞ்சது. அது இந்தா, கையில இரிக்கி!”

“அப்ப இவ்வளவு அமளிக்கும் பிறகு நீர் நிண்ட இடத்திலதான் நிக்கிறீர்?”

“ஓம் சேர். ஆனா ஸ்கூட்டியோட!”

சேருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஸ்கூட்டிகளுக்கு நடுவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஸெய்னுதீன் விலையை இன்னும் குறைக்கலாமோ என்று யோசித்தார். இவர்கள் கேலி பண்ணுவதாக அவருக்கு ஒரு பயம்.

நாலு நாள் கூரையில் கடும் வெயில். ஐந்தாம் நாள் முனாப் எல்லாப் பைகளையும் எடுத்துப் போனார். ஆறாம் நாள், பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்க, ஸல்ஹா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தில் காற்றுப்போலப் போனார்.

அன்று காலையில் ஜவாஹிர் ஒரு பாரை மீனுக்குக் கத்தி வைத்தபோது போன் அடித்தது. எதிரே சேர் சந்தைப் பையோடு நின்றார், மூக்கைப் பொத்தாமல்.

“போய்ச் சேந்திட்டீங்களா, ஸல்ஹா?”

“வந்து முக்கால் மணித்தியாலமாச்சு! வெளியில நிக்கிறன்.”

“உள்ள போங்களன். பிள்ளையள் வரல்லயா?”

“பிள்ளையளும் வரல்ல, கதவும் திறக்கல்ல. சாவி பெரிய டீச்சரிட்ட இரிக்கி.”

“அவ எங்க?”

“அவ பஸ்ஸில வாறாவாம்!”

ஜவாஹிர் போனைக் காதிலிருந்து எடுத்துச் சேரைப் பார்த்தார்.

“சேர், இன்னொரு கொடுவா வாங்க ஏலுமா?”