சீரோவில் அவிந்த முட்டை

உலகத்தில் மூடநம்பிக்கை அண்டாத இனம் ஒன்றே ஒன்றுதான். மன்னாரில் பிறந்து, பிரான்ஸில் தேறி, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வீடு வாங்கிய கத்தோலிக்கத் தமிழினம். இந்த உண்மையை எங்களுக்கு அறிவித்தவர் என் மாமா கிறிஸ்துராஜா. இடி விழாமலிருக்கக் கதவில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவைக்குக் கீழே உட்கார்ந்துதான் அறிவித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் யாசுங். இந்தியாவின் அருணாச்சலப் பிரதேசத்து சீரோப் பள்ளத்தாக்கின் அபதானிப் பழங்குடிப் பெண், இங்கே தாதி. மாமாவின் மகன் டெனுசனைக் கட்டச் சம்மதித்த ஒரே ஜீவன். சட்டன், நோர்பரி என்று பக்கத்து ஊர்களில் பெண் கேட்டு ஏறாத படியில்லை. முப்பத்தாறு வயதில் டெனுசனுக்கு மிஞ்சியது இவள்தான்.

யாசுங் தன் அத்தையின் படத்தைக் காட்டினாள். நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை பச்சை குத்திய கோடு, நாடியில் ஐந்து கோடுகள், மூக்கின் இரு பக்கமும் காசளவு கறுப்புத் தக்கை.

"இதென்ன, சிங்குக்கு அடைக்கிற மூடியோ?" என்றார் மாமா. பியற்றிஸ் மாமி தன் மூக்குத்தியை விரலால் மறைத்தாள்.

"எதிரிகள் தூக்கிக்கொண்டு போகாமல் அசிங்கமாக்கினது எண்டு வாசிச்சனான்," என்று நான் என் கல்லூரி அறிவைக் கொட்டினேன்.

"வெளியாட்கள் அப்படித்தான் எழுதுவார்கள்," என்றாள் யாசுங் ஆங்கிலத்தில். "அத்தை அழகுக்குப் போட்டாள். எங்கள் வயசில் யாரும் போடுவதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முட்டை பார்ப்பார்கள். பூசாரி அவித்து வெட்டி, மஞ்சளைப் பார்த்துச் சொல்வார். அது சரியில்லையென்றால் அப்பா சம்மதிக்கமாட்டார்."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளைக்குத் தான் கறியாகிறது கோழிக்கே தெரியாது. அது இட்ட முட்டைக்குத் தெரியுமோ? காட்டுச் சனம்!"

"அப்பா, வாயை மூடுங்கோ," என்றான் டெனுசன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே யாசுங் போனில் அழைத்தாள். சீரோவில் பூசாரி வெட்டிய முட்டை தெளிவாக இல்லையாம். நாளை இன்னொன்று பார்ப்பார்களாம். அதுவும் சரியில்லாவிட்டால் பேச்சு முடிந்தது.

டெனுசன் படியிலேயே குந்திவிட்டான். மாமாவோ, ஊர் முழுக்கக் கல்யாணம் சொல்லி முடித்திருந்த மாமா, "அது அவையின்ர நம்பிக்கை. எங்களுக்கென்ன?" என்றபடி கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. கதவைத் திறந்தேன்.

சிங்கில் முட்டைக் கோதுகள் குவிந்திருந்தன. மாமா உரித்த முட்டையொன்றின் மேல் பெருவிரலால் சிலுவை போட்டு, நூலால் இரண்டாக அறுத்து, பாதியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இருமினேன். அவர் திரும்பவில்லை.

"டேய், நான் கேட்டதெண்டு அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லாதை. மஞ்சளைச் சுத்திப் பச்சை வளையம் வந்தா நல்லதோ, கூடாதோ?"

"கூட நேரம் அவிச்சா அப்பிடித்தான் வரும், மாமா."

மாமா சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, அடுத்த முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்கினார்.