லேசான வகை

திரிஷாவுக்கு ரெட்டைச்சடை பின்னி, கனகாம்பரம் வைத்து, கழுத்து வரை பவுடர் பூசிவிட்டு மகாலட்சுமி அரிசி டப்பாவுக்குள் கையை விட்டாள். மருந்துக்கடை சங்கரலிங்கம் மடித்துக் கொடுத்த பொட்டலம் அடியில் கிடந்தது. அதிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து மகள் வாயில் போட்டாள். வாசலில் தங்கப்பாண்டி தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“சட்டுனு முழுங்குத்தா. அப்பாகிட்டச் சொல்லக்கூடாது, என்ன?”

அந்த வாரம் முழுக்க இப்படித்தான் கொடுத்து வந்தாள். கம்பத்தில் அவர்கள் தெருவுக்கு இது புதிதில்லை. கல்யாணம், திருவிழா என்று நாலு பேர் கூடும் இடத்துக்கு மூச்சிளைப்புக்காரப் பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு முன்னால், இளைப்பை அப்போதைக்கு அமுக்கிவைக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இளைப்பு என்று பெயர் வந்துவிட்டால் பிறகு யார் வந்து அழிப்பார்கள்? தேனி ஆஸ்பத்திரியும் நாலு பேர் கூடும் இடம்தானே. போன தடவை விஷயம் தெரிந்து டாக்டர் எப்சிபா போட்ட சத்தத்தில் தங்கப்பாண்டி கூனிக்குறுகிப் போனான். இனி அந்தக் கருமத்தைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று வீட்டுக்கு வந்து குதித்தான். அவளும் தலையை ஆட்டி வைத்தாள்.

காலையில் எடுத்த ரத்தத்துக்கு மத்தியானமே முடிவு வந்துவிட்டது. எப்சிபா முதல்முறையாகச் சிரித்தார்.

“ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு அணு இருக்கு. அது கூடியிருந்தா நோய் கடுமையாகலாம், மருந்தக் கூட்டணும். பாப்பாவுக்குக் கம்மியாத்தான் இருக்கு. நெஞ்சும் சுத்தமா இருக்கு. லேசான வகைன்னு எடுத்துக்கலாம். வாய்ல அடிக்கிற மருந்துப் பம்பைக் குறைச்சுப் பாப்போம்.” பேனாவை மூடப்போனவர் நிறுத்தினார். “அந்தப் பழைய மாத்திரை எதுவும் குடுக்கலையே? குடுத்திருந்தா இந்த அணு குறைஞ்சுபோயிடும். இந்த முடிவை நம்பவே முடியாது.”

“சத்தியமா இல்லைங்க டாக்டரம்மா” என்றான் தங்கப்பாண்டி.

மகாலட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. அவனுக்குப் பயந்து மட்டும் அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. லேசான வகை என்ற அந்தச் சொல் அவளுக்கும் வேண்டியிருந்தது. பொய்யென்று தெரிந்தும் வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பைக்கை நிறுத்தி அவன் மகளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தான். அவளும் ஒரு விள்ளல் தின்றாள்.

பயத்தில் அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள். பம்பு டாக்டர் குறைத்தபடியே போனது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திராட்சைப் பந்தல்களில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவிய அன்று காலை, திரிஷா சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். பம்பை அடித்து அடித்துப் பார்த்தும் கேட்கவில்லை. உதடு கறுத்து வந்தது. தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த தங்கப்பாண்டி மகளை எட்டிப் பார்த்தான்.

“ஏங்க, பைக்க எடுங்க. தேனிக்கு வேணாம், இங்கன பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம்.”

“எதுக்குடி இப்படிப் பதறுற? லேசுதான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக. ரத்தமே சொல்லிருச்சு. சளியா இருக்கும், ஆவி புடிச்சு விடு.” கையைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

அவள் உள்ளே ஓடினாள். டப்பாவைக் கவிழ்த்ததில் அரிசி தரையெல்லாம் சிதறியது. பொட்டலத்தோடு வந்து அவனை மறித்து, அவன் உள்ளங்கையை இழுத்து விரித்து அதில் கொட்டினாள். கையில் ஒட்டியிருந்த கந்தகத்தின் மஞ்சள் தூளில் வெள்ளை மாத்திரைகள் உருண்டன.

“ரத்தம் எடுக்கையில இதுதாங்க அவ ஒடம்புல இருந்துச்சு. வாரம் பூரா நாந்தான் குடுத்தேன்.”

தங்கப்பாண்டி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் திரிஷா ‘அம்’ என்றாள். ‘மா’ வரவில்லை. மூச்சை இழுத்ததில் பவுடர் பூசிய அவள் தொண்டைக்குழி உள்ளே போயிருந்தது, இன்னும் மேலே வரவில்லை.